சுருள்நாடாப் பதிவுக் கருவிகளும் பேச்சுச் சான்றின் மெய்ம்மையும்: பெங்களூரு காக்ஸ் டவுன் வட்டாரத்தை முன்வைத்து

1. முன்னுரை

ஓலைச்சுவடியைப் பதிப்பிக்க முனைவோர் ஏட்டின் தன்மை, எழுத்தின் வடிவம், படியெடுத்தோன் குறிப்பு ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே பாடத்தை ஏற்பர். பேச்சுமொழிக்குச் சான்றாக விளங்கும் ஒலிநாடாக்கள் பெரும்பாலும் இத்தகைய ஆய்வுக்கு உட்படுத்தப்படுவதில்லை. நாடாவில் கேட்பதே பேசப்பட்டது என்று கொள்ளப்படுகிறது. ஆனால், நாடாவில் இருப்பது பேச்சன்று. ஒரு கருவி பேச்சைக் காந்தப் பதிவாக மாற்றியதன் விளைவு. அதை மீண்டும் ஒலியாக்குவதற்கு மற்றொரு கருவி வேண்டும். இவ்விரு கருவிகளின் இயல்பும் அறியப்படாதவரை, அந்நாடாவிலிருந்து பெறப்படும் ஒலியியல் முடிவுகள் ஐயத்திற்குரியனவே.

பழைய சுருள்நாடாப் பதிவுக் கருவிகளைச் சேகரிப்பதும், அவற்றின் மெய்ம்மையை உறுதிசெய்வதும் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றன. அப்பணி மொழியாய்வுக்கு எவ்வாறு இன்றியமையாததாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெங்களூருவின் கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த காக்ஸ் டவுன் இதற்குரிய மொழிச்சூழலாகக் கொள்ளப்படுகிறது.

2. வட்டாரமும் மொழிச்சூழலும்

2.1. பெங்களூரு கன்டோன்மென்ட் 1809இல் ஆங்கிலேயப் படைநிலையமாக அமைக்கப்பட்டது. படையைச் சார்ந்த பணிகளுக்காகவும் வணிகத்திற்காகவும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக அங்குக் குடியேறினர். 1898இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின்னர் நெரிசலைக் குறைக்கும்பொருட்டுப் புதிய குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்படும் காக்ஸ் டவுன், சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் எனப்பட்ட ஆட்சிப்பகுதியின் இறுதிக் கலெக்டரான ஏ. ஆர். காக்ஸ் என்பாரின் பெயரைத் தாங்கியது. அவ்வாட்சிப்பகுதி 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

2.2. இவ்வரலாற்றின் பயனாக, தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது, ஆங்கிலம் ஆகிய ஐந்தும் அன்றாடம் ஒன்றோடொன்று உரசும் சூழல் இவ்வட்டாரத்தில் அமைந்தது. அண்மையிலுள்ள அல்சூரில் 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் எழுத்துத் தமிழையும் மேடைத் தமிழையும் பேணி வந்துள்ளது. ஆயின் வீட்டிலும் சந்தையிலும் தொழிற்கூடத்திலும் வழங்கிய தமிழுக்கு எழுத்துச் சான்று அரிது.

2.3. முந்தைய மொழியளவைகளும் இக்குறையை நீக்கவில்லை. கிரியர்சன் நடத்திய இந்திய மொழியாய்வின் நேரடி எல்லைக்குள் மதராசு மாகாணமும் மைசூர், ஐதராபாத்துச் சமத்தானங்களும் அடங்கவில்லை. மதராசு மாகாண மொழிகளையும் கிளைமொழிகளையும் இசைத்தட்டில் பதிவுசெய்யும் பணி பின்னர் மேற்கொள்ளப்பட்டு, பதிவான பனுவல்கள் 1927இல் நூலாக வெளிவந்தன. இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்குச் சில நிமிடங்களே பதிய இயலும். ஆகவே முன்னரே வகுத்த கதையொன்றைச் சொல்விப்பதே வழக்கமாயிற்று. 1935 முதல் 1938 வரை தோடா, கோத்தா முதலிய மொழிகளை ஆராய்ந்த எம். பி. எமனோ பனுவல்களைச் சொல்லக் கேட்டுக் கையால் எழுதியே திரட்டினார். இடையீடின்றி நிகழும் இயல்பான உரையாடலை அரைமணி, ஒருமணி அளவுக்குப் பதிவுசெய்யும் வாய்ப்பைத் தந்தது சுருள்நாடாவே. ஆதலின் 1950, 1960களின் கன்டோன்மென்ட் தமிழைச் செவியால் அறிய வேண்டுமாயின், அக்காலத்தில் பதிவாகி இன்று வீடுகளிலும் நிறுவனங்களிலும் எஞ்சியிருக்கக்கூடிய சுருள்களே தக்க வாயில்களாகும்.

3. கருவியின் தோற்றமும் வகைகளும்

3.1. காந்தப் பொடி பூசிய நாடாவுக்கு செருமானியரான பிரிட்ஸ் ப்ளூமர் 1928இல் காப்புரிமை பெற்றார். ஏ.இ.ஜி. நிறுவனம் உருவாக்கிய மேக்னட்டோபோன் கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1940இல் மிகை அதிர்வெண் முன்னூட்டம் என்னும் உத்தி நாடாப் பதிவில் கையாளப்பட்டபின், இரைச்சல் பெரிதும் குறைந்து பதிவின் தரம் உயர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தொழில்நுட்பம் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பரவியது.

3.2. மொழியாய்வாளர் எதிர்கொள்ளக்கூடிய கருவிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, வீட்டுக் கருவிகள். செருமனியின் குருண்டிக், நெதர்லாந்தின் பிலிப்ஸ் முதலிய நிறுவனங்களின் வால்வுக் கருவிகள் இவ்வகையின. இரண்டாவது, மின்கலத்தால் இயங்கும் களப்பணிக் கருவிகள். மியூனிக்கின் ஊயர் நிறுவனம் 1961இல் வெளியிட்ட 4000 ரிப்போர்ட் வகையும், குடெல்ஸ்கி வடிவமைத்த நாக்ரா வகைகளும் இதற்குச் சான்று. மூன்றாவது, உயர்தரக் கருவிகள். சுவிட்சர்லாந்தின் ரேவாக்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட ஜி36, 1967இல் வெளியிட்ட ஏ77, 1977இல் வெளியிட்ட பி77 ஆகியவை குறிப்பிடத்தக்கன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியபின், வீட்டுப் பயன்பாட்டில் சுருள்நாடா படிப்படியாக ஒதுங்கியது.

3.3. இந்நாட்டில் இக்கருவிகள் பேச்சுவழக்கில் ஸ்பூல் டேப்ரிகார்டர் எனப்பட்டன. 1991க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அயல்நாட்டுக் கருவிக்கு உரிய உதிரி உறுப்புகள் எளிதில் கிட்டவில்லை. ஆகவே ஒரு கருவியின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்துவதும், உள்ளூர்ப் பட்டறையில் கடைந்து கொள்வதும் பழுதுபார்ப்பின் இயல்பாயின. ஐ.டி.ஐ. எனும் தொலைபேசித் தொழிலகம் 1948இலும், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954இலும் நிறுவப்பெற்ற பெங்களூருவில் இத்தகு கைத்திறனுக்குக் குறைவில்லை எனலாம். சதர் பட்ரப்பா சாலையின் உதிரி உறுப்புக் கடைகள் இத்தொழிற் பின்புலத்தோடு இணைத்து எண்ணத்தக்கன. பழுதுபார்த்தோர் கருவிகளை வாழவைத்தனர். அதேவேளையில், இன்று நம் கைக்கு வரும் கருவி தொழிலகத்திலிருந்து வெளிவந்த அதே கருவியா என்னும் வினாவும் அதனால் எழுகிறது.

4. கருவியின் மெய்ம்மை காணல்

4.1. பெயர்த்தகடு. கருவியின் பின்புறத்திலோ அடியிலோ உள்ள தகட்டில் வகைப்பெயர், வரிசை எண், மின்னழுத்தம், மின்னோட்ட அதிர்வெண் ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். சேகரிப்போர் வரிசை எண்ணையே முதலில் நோக்குவர். மொழியாய்வாளருக்கோ 50 அல்லது 60 ஹெர்ட்சு என்னும் குறிப்பே முதன்மையானது. இந்திய மின்வழங்கல் 50 ஹெர்ட்சு. அமெரிக்க மின்வழங்கல் 60 ஹெர்ட்சு. அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட கருவி மின்மாற்றியின் துணையால் இங்கு இயங்கும். மின்மாற்றி அழுத்தத்தை மாற்றுமேயன்றி அதிர்வெண்ணை மாற்றாது. இதன் விளைவு பின்னர் (5.1) விளக்கப்படும்.

4.2. உறுப்புகளின் காலம். மின்தேக்கிகள், வால்வுகள், டிரான்சிஸ்டர்கள் ஆகியவற்றில் உற்பத்திக் காலத்தைக் காட்டும் குறியீடுகள் பலவேளைகளில் காணப்படும். பல உறுப்புகள் ஒரே ஆண்டைக் காட்ட, ஒன்றிரண்டு மட்டும் பிந்திய ஆண்டைக் காட்டுமாயின், அவை மாற்றப்பட்டவை. பழைய கட்டடமொன்றில் பிற்காலச் செங்கல்லைக் கண்டறிவது போன்றதே இது. மூல உறுப்புகளின் காலம் கருவிக்கு மேலெல்லையைத் தரும். அக்கருவி அதற்கு முன் தோன்றியிருக்க இயலாது. மாற்றுறுப்பின் காலம் பழுதுபார்த்த காலத்திற்கு அவ்வாறே எல்லை வகுக்கும். பற்றவைப்பின் நிறமும் பளபளப்பும் வேறுபடுதல், திருகாணிகளின் தலை சிதைந்திருத்தல், கம்பிகளின் உறை நிறம் மாறுதல் ஆகியன துணைச் சான்றுகள்.

4.3. தலைகள். நாடாவைத் தொட்டு அழித்தல், பதிதல், மீட்டொலித்தல் ஆகிய மூன்றையும் செய்யும் காந்த உறுப்பு தொழில்வழக்கில் ஹெட் எனப்படும். ஈண்டு அது தலை எனக் குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ 6.3 மி.மீ. அகலமுள்ள நாடா முழுத்தடம், அரைத்தடம், கால்தடம் என மூவகையாகப் பயன்படுத்தப்பட்டது. தலை தேய்ந்தபோது கிடைத்த வேறொன்றைப் பொருத்திய கருவியில், பெயர்த்தகடு ஒன்றையும் தலை மற்றொன்றையும் கூறும். ரேவாக்ஸ் ஏ77இன் வகையெண்ணில் ஈற்றிலக்கம் 2 ஆயின் அரைத்தடம், 4 ஆயின் கால்தடம். இவ்விலக்கத்தோடு தலையின் இடைவெளிகளை உருப்பெருக்கியால் ஒப்பிட்டு நோக்கினால் மாற்றம் புலப்படும். தடம் பொருந்தாதபோது மறுபக்கப் பதிவு தலைகீழாக ஊடே ஒலிக்கும். இது எளிதில் அறியப்படும் பிழை. இரைச்சல் மிகுதல், ஒலி மெலிதல் ஆகிய நுண்பிழைகளே கவனத்திற்குத் தப்புகின்றன.

4.4. செப்பமும் சான்றும். புதிய வண்ணம் பூசி, குமிழ்களை மாற்றி, எல்லா மின்தேக்கிகளையும் புதுப்பித்த கருவி சந்தையில் உயர்விலை பெறலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட தொகுதிச் சுருள்களைப் பதிவுசெய்த கருவி அதுவேயாயின், பழைய உறுப்புகளை அகற்றுவது சான்றை அழிப்பதாகும். சுருள்களோடு ஒரே வீட்டில் கிடைத்த கருவியைச் செப்பனிடுமுன், அது உள்ளவாறே படமெடுத்து, அதன் வேகத்தையும் தலையின் சாய்வையும் அளந்து குறித்தல் வேண்டும். நீக்கப்பட்ட உறுப்புகளைப் பெயரிட்டுப் பேணுவதும் தேவை.

5. கருவியின் இயல்பும் பேச்சொலியும்

5.1. வேகம். நாடா ஓடும் வேகம் வினாடிக்கு 19.05, 9.5, 4.75, 2.4 செ.மீ. என ஒன்றுக்கொன்று இருமடங்காக வகுக்கப்பட்டிருந்தது. இருமடங்குப் பிழையை எவரும் உணர்வர். இடைப்பட்ட பிழையே இடர் தருவது. 60 ஹெர்ட்சுக்கென அமைந்த ஒத்தியங்கு மோட்டார், 50 ஹெர்ட்சு மின்னோட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலும். அவ்வாறு பதிந்த நாடாவைச் சரியான கருவியில் ஓடவிட்டால், பேச்சு ஐந்தில் ஒரு பங்கு விரைந்து ஒலிக்கும். 120 ஹெர்ட்சுக் குரல் 144 ஹெர்ட்சாகும். 500 ஹெர்ட்சில் அமைந்த உயிரொலியின் ஒத்ததிர்வு 600 ஹெர்ட்சாகும். வினாடிக்கு 5 அசை பேசியவர் 6 அசை பேசியவராவார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதம் இப்பிழையால் மாறுவதில்லை. 75 மில்லிவினாடிக் குறிலும் 150 மில்லிவினாடி நெடிலும் முறையே 62.5, 125 எனச் சுருங்கினும் ஒன்றுக்கு இரண்டு என்னும் உறவு நிலைக்கும். மாத்திரை அளவைக் கண்ணிமையோடும் நொடியோடும் சார்த்திக் கூறிய தொல்காப்பிய மரபில் பழகிய செவி, விகிதம் சரியாயிருப்பதால் பதிவும் சரியென்றே கொள்ளும். பிழை தனியளவுகளிலேயே மறைந்திருக்கும். அதனைக் காணாத ஆய்வாளர், உயிரொலிகள் இடம்பெயர்ந்துள்ளன என்றோ, கன்னடச் சார்பால் பேச்சு விரைவு பெற்றது என்றோ முடிவுகட்ட நேரலாம். மோட்டாரின் இயல்பு கிளைமொழியின் இயல்பாக இலக்கணத்தில் ஏறிவிடும்.

5.2. முரலல். வேகத்தை உறுதிசெய்யப் பயன்படுவது, பதிவின் அடியில் மெல்லெனக் கேட்கும் மின்னோட்ட முரலல். இந்தியாவிற் பதிந்த நாடாவில் அது 50 ஹெர்ட்சிலும் அதன் மடங்குகளிலும் காணப்பட வேண்டும். 60 ஹெர்ட்சில் காணப்படுமாயின், பதிவு 60 ஹெர்ட்சு நாட்டில் நிகழ்ந்திருக்க வேண்டும். அன்றேல், 60 ஹெர்ட்சுக் கருவி இங்குப் பயன்பட்டிருக்க வேண்டும். பேச்சின் உள்ளடக்கம் பதிவிடத்தைக் காக்ஸ் டவுன் என்று காட்டினால், இரண்டாவதே துணிபு. நாடாவை ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் மீட்டொலித்தால் மூலக் குரல் கிட்டும்.

ஆயினும் முரலலின் பொருள் கருவிக்குக் கருவி வேறுபடும் என்பது பலரும் எண்ணாத செய்தி. மின்னோட்ட அதிர்வெண்ணைச் சார்ந்தே சுழலும் மோட்டாரை உடைய கருவியில், மின்னோட்டம் 50இலிருந்து 48 ஹெர்ட்சுக்குத் தாழ்ந்தால் நாடாவின் வேகமும் அதே விகிதத்தில் தாழும். முரலல் 48 ஹெர்ட்சாகப் பதிந்தாலும், சரியான வேகத்தில் மீட்டொலிக்கும்போது 50 ஹெர்ட்சாகவே தோன்றும். முரலல் சரி, பேச்சோ நூற்றுக்கு 4 பங்கு விரைவு. 2002, 2003ஆம் ஆண்டுகளில் இருப்பு அடிப்படையிலான புதிய கட்டணமுறை நடைமுறைக்கு வருமுன் இந்திய மின்தொடரமைப்பில் அதிர்வெண் இவ்வளவுக்குத் தாழ்வது வழக்கமாயிருந்தமையின், இது வெறும் கற்பனைப் பிழையன்று.

மாறாக, மின்கலக் கருவியிலும் மின்னணுக் கட்டுப்பாட்டு மோட்டார் பூண்ட கருவியிலும் நாடாவின் வேகம் மின்னோட்ட அதிர்வெண்ணைச் சாராது. அங்கு முரலல் 52 ஹெர்ட்சாகத் தோன்றினால், மின்கலம் தளர்ந்து நாடா மெதுவாக ஓடியமை முதற்காரணமாக ஐயுறப்படும். ரேவாக்ஸ் ஜி36 முதல் வகையைச் சார்ந்தது; அதே நிறுவனத்தின் ஏ77 இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆகவே முரலலை அளப்பது மட்டும் போதாது. எந்தக் கருவி என்பது தெரிந்தாலன்றி அவ்வளவு எதற்குச் சான்று என்று கூற இயலாது. கருவியின் மெய்ம்மை மொழியாய்வுக்கு இன்றியமையாதது என்னும் கூற்றுக்கு இதுவே வலிமையான அடிப்படை.

5.3. தலைச் சாய்வும் உரசொலிகளும். பதிவுத் தலையின் இடைவெளி நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். பதிந்த கருவியும் மீட்டொலிக்கும் கருவியும் இதில் சிறிது மாறுபட்டாலும் மேல் அதிர்வெண்கள் அழியும். வினாடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் 8000 ஹெர்ட்சு ஒலி நாடாவில் ஏறத்தாழ 12 மைக்ரான் அலைநீளமாகப் பதிகிறது. தடத்தின் அகலம் 2 மி.மீ. எனக் கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைச் சாய்வு வேறுபாடே அவ்வொலியை முற்றிலும் அழித்துவிடப் போதுமானது.

கன்டோன்மென்ட் தமிழை ஆராய்வோர்க்கு இது சிறு செய்தியன்று. ஆங்கில, உருதுச் சொற்கள் ஆஃபீஸ் என வழங்கினவா ஆபீஸ் என வழங்கினவா, ஷோக் என ஒலித்தனவா சோக்கு என ஒலித்தனவா என்னும் வினாக்களுக்கு விடை உரசொலிகளின் ஆற்றற் பரவலில் உள்ளது. ஸகர ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டது. ஊயர் 4000 வகைக் கருவியை நாடாவைச் சிக்கனப்படுத்தக் கருதி 2.4 செ.மீ. வேகத்தில் இயக்கினால், ஏறத்தாழ 4500 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி பதியாது. அப்பதிவில் ஸகர, ஃபகர வேறுபாடு தேடுவது வீண். 19 செ.மீ. வேகத்திற் பதிந்தும் தலைச் சாய்வால் மங்கித் தோன்றும் நாடாவிலோ அவ்வேறுபாடு அழியாமல் உறைந்துள்ளது. மீட்டொலித் தலையை நாடாவுக்கேற்பச் சாய்த்தால் வெளிப்படும். முன்னது பதிவின் எல்லை. பின்னது வாசிப்பின் குறை. இரண்டையும் பிரித்தறிய நாடாவின் வேகத்தையும் கருவியின் வகையையும் அறிதல் வேண்டும்.

5.4. ஒலிச்சமன். அமெரிக்க, ஐரோப்பியத் தரமுறைகள் வெவ்வேறு ஒலிச்சமன் அளவுகளைக் கொண்டன. 19 செ.மீ. வேகத்தில் ஐரோப்பிய முறையிற் பதிந்ததை அமெரிக்க முறையில் மீட்டொலித்தால், மேல் அதிர்வெண்களில் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். அன்றியும், ஒலியளவைத் தானே சீராக்கும் அமைப்புடைய கருவிகளில் உரத்த பேச்சும் மெல்லிய பேச்சும் ஒரே அளவுக்குக் கொணரப்படும். அத்தகைய பதிவில் அழுத்தத்தை ஒலியளவைக் கொண்டு மதிப்பிடலாகாது.

6. நாடாவின் மெய்ம்மை

6.1. பொருள். காக்ஸ் டவுன் வீடொன்றிலிருந்து ஒரு சுருள் ஆய்வாளர் கைக்கு வருவதாகக் கொள்வோம். பெட்டியின்மேல் ஓர் ஆண்டு எழுதப்பட்டிருக்கலாம். பெட்டி நாடாவுக்கு உரியதென்று கொள்வதற்கில்லை. நாடா விலையுயர்ந்த பொருளாயிருந்தமையின் பெட்டிகள் மாறுவதும், பழைய பதிவை அழித்துப் புதியது பதிவதும் இயல்பு. முதலில் நாடாவின் அடிப்பொருள் காணப்படும். சுருளை ஒளிக்கெதிரே பக்கவாட்டில் பிடிக்கும்போது ஒளி ஊடுருவினால் அது அசிடேட்டு. ஊடுருவாவிடின் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட்டு இழுபடாமல் நேராக முறியும். பாலியெஸ்டர் நீண்ட பின்னரே அறும். காடி மணம் அசிடேட்டுச் சிதைவின் அறிகுறி. 1970, 80களின் சில நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்புற்றுத் தலையில் ஒட்டும். அவற்றை ஏறத்தாழ 54 பாகை செல்சியசில் சில மணிநேரம் சூடாக்கி ஒருமுறை ஓடவிடுவர். அசிடேட்டு நாடாவை அவ்வாறு சூடாக்கினால் பதிவே பாழாகும். ஆகவே அடிப்பொருளை அறியாமல் எந்தச் சுருளையும் கருவியில் ஏற்றலாகாது.

6.2. மூலமும் படியும். சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், உரத்த சொல்லொன்றின் மெல்லிய எதிரொலி அதற்கு முன்னும் பின்னும் கேட்கும். இதன் இடைவெளி ஒரு சுற்றின் நீளத்தைப் பொறுத்தது. சுற்றின் விட்டம் 10 செ.மீ. ஆயின் நீளம் 31.4 செ.மீ.; 19 செ.மீ. வேகத்தில் இடைவெளி ஏறத்தாழ 1.65 வினாடி, 9.5 செ.மீ. வேகத்தில் 3.3 வினாடி. 9.5 வேகத்தில் ஓடும் நாடாவில் அவ்விடத்தில் 1.65 வினாடி இடைவெளி காணப்பட்டால், அது 19 செ.மீ. வேக மூலமொன்றிலிருந்து எடுத்த படியாகலாம். இரு வேறு முரலல்கள் சிறு வேறுபாட்டுடன் உடனொலிப்பதும் படியெடுப்பைக் காட்டும். சுவடியியலில் ஒரு படியின் பிழை அடுத்த படியில் தொடர்வதைக் கொண்டு மரபுவழி காண்பது போன்றதே இம்முறை.

6.3. அழிப்பின் சுவடு. கருவியே நாடாவுக்குச் சாட்சி கூறியதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனின் அலுவலகத்தில் 1972 சூன் 20இல் பதிவான நாடாவில் பதினெட்டரை நிமிடப் பேச்சு அழிந்திருந்தது. நீதிமன்றம் அமர்த்திய அறிஞர் குழு 1974இல் அளித்த அறிக்கையில், அழிப்புத் தலையின் காந்தச் சுவடுகள் ஊயர் 5000 வகைக் கருவிக்கு உரியவை என்றும், அழிப்பு குறைந்தது ஐந்து, ஒருவேளை ஒன்பது தனித்தனித் துண்டுகளாக நிகழ்ந்தது என்றும் தெரிவித்தது. நாடாவைப் பதிந்தது சோனி நிறுவனத்தின் வேறொரு கருவி. இரு கருவிகளும் ஆய்வுக்குக் கிட்டியமையால் அன்றோ இம்முடிவு இயன்றது?

6.4. சட்டநெறி. இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் ராம் சிங் வழக்கில் ஒலிநாடாவைச் சான்றாக ஏற்பதற்குரிய நிபந்தனைகளைத் தொகுத்துரைத்தது. பேசுவோர் குரல் அடையாளம் காணப்பட வேண்டும். பதிவின் துல்லியம் நிறுவப்பட வேண்டும். திருத்தமோ அழிப்போ இல்லையென உறுதிப்பட வேண்டும். நாடா முத்திரையிட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாதல் வேண்டும். மொழியாய்வு இத்துணைக் கடுமையை வேண்டாது எனினும், இந்நிபந்தனைகள் ஒவ்வொன்றும் நாடாவோடு வைக்கத்தக்க விவரச்சீட்டின் ஒரு கூறாக அமையத்தக்கது.

7. சேகரிப்போரும் ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும்

7.1. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, காந்த நாடாக்களை எண்முறைக்கு மாற்றுவதற்கு 2025ஆம் ஆண்டை இறுதியெல்லையாகக் குறித்தது. நாடாக்களின் சிதைவோடு, கருவிகளும் உதிரி உறுப்புகளும் பழுதுபார்க்கும் அறிவும் அருகுவது அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. அவ்வெல்லை கடந்துவிட்டது. ரேவாக்ஸ் நிறுவனம் பி77 வகையை மீண்டும் புதிதாக ஆக்கத் தொடங்கியுள்ளது எனினும், அதன் விலை சிறு நிறுவனங்களுக்கு எட்டாதது, கால்தடம், 4.75, 2.4 செ.மீ. வேகங்கள் ஆகியவற்றுக்குப் பழைய கருவிகளையே நாட வேண்டியுள்ளது. ஆகவே, தனியார் சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு நற்கருவியும் ஒரு வாசிப்புக் கருவி எனக் கருதத்தக்கது. மைசூருவில் 1969இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், சென்னையில் 1980இல் தோன்றிய சம்பிரதாயா இசை ஆவணக்காப்பகம் போன்றவற்றின் துறையறிவும் சேகரிப்போரின் கருவியறிவும் ஒருங்கிணைதல் பயனளிக்கும்.

7.2. எண்முறைக்கு மாற்றும்போது பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக்காப்பகச் சங்கத்தின் வழிகாட்டி குறைந்தது வினாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவை வேண்டுகிறது. 96,000 மாதிரிகளே பெரும்பாலும் விரும்பப்படுவது. இரைச்சல் நீக்கிய படியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் கைவிடுதல் கூடாது. இரைச்சல் எனக் கருதி நீக்கப்படும் முரலலே பதிவின் வேகத்திற்குச் சான்றாதலின், தூய்மை செய்யப்பட்ட படி செவிக்கு இனியதாயினும் ஆய்வுக்கு ஊமையாகிவிடும்.

7.3. நாடாவைக் கேட்டு எழுத்தாக்கி மொழிபெயர்ப்போர்க்கும் இதில் பங்குண்டு. தெளிவற்ற சொல்லை எழுத்துத் தமிழ் வடிவத்தால் நிரப்புவது பெருவழக்கு. கன்டோன்மென்ட் வழக்குக்குரிய கன்னட, உருதுச் சொல் ஒன்று இவ்வாறு செந்தமிழ்ச் சொல்லாகத் திருத்தப்பட்டுவிடும். தெளிவின்மை பேசியவரால் நேர்ந்ததா, கருவியால் நேர்ந்ததா என்பதை எழுத்தாக்கத்தில் குறிப்பதற்கு வெவ்வேறு அடையாளங்கள் தேவை. அவ்வாறே கலைச்சொல்லாக்கத்தில், டேப் என்னும் ஒரே சொல் நாடா, பதிவு, கருவி ஆகிய மூன்றையும் பேச்சுவழக்கில் சுட்டுவதை உணர்தல் வேண்டும். டேப் கெட்டுப்போச்சு என்று ஒருவர் கூறினால் கெட்டது எது என்பதைச் சூழல் கொண்டே துணிய வேண்டும். அட்டவணையில் இம்மூன்றும் தனித்தனிச் சொற்களாற் குறிக்கப்படுதல் நன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. பழைய சுருள்நாடாக் கருவியின் மெய்ம்மை அதன் தோற்றப்பொலிவிலோ அருமையிலோ அடங்குவதன்று. எந்த மோட்டார், எந்தத் தலை, எந்த வேகம், எந்த மாற்றம் என்னும் விவரங்களில் அடங்குவது. இவ்விவரங்கள் இல்லாத நாடாவில் குறில் நெடில் விகிதம் போன்ற உறவுகளை ஓரளவு நம்பலாம். குரலளவு, உயிரொலி அமைவு, பேச்சு விரைவு, உரசொலி வேறுபாடு ஆகியவற்றை நம்பலாகாது. முரலல்கூடக் கருவி அறியப்பட்ட பின்னரே சான்றாகும்.

காக்ஸ் டவுன் போன்ற குடியிருப்புகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழும்போது, சுருள்கள் ஒருபுறமும் அவற்றைப் பதிந்த கருவி மறுபுறமும் பழம்பொருள் கடைக்குச் செல்ல நேரும். ஒன்றையொன்று பிரிந்தபின் இரண்டும் தம் பொருளிற் பாதியை இழக்கின்றன. ஆதலின் சுருளைப் பெறும் ஆய்வாளர் கருவியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கருவியைப் பெறும் சேகரிப்போர் அதனோடிருந்த சுருள்களைப் பற்றிய குறிப்பையாவது எழுதிவைத்தல் வேண்டும். வீட்டின் பெயர் தேவையில்லை. தெரு, ஏறத்தாழ ஆண்டு, பேசியோரின் மொழிகள், கருவியின் வகையெண் ஆகிய நான்கு செய்திகள் ஒரு சீட்டில் இருந்தாலே, எழுத்தில் இடம்பெறாத ஒரு தமிழ் வழக்கு ஆய்வுக்கு எட்டும் நிலையில் நிற்கும்.